முற்றுப்போலி

திபிலிசியின் வடக்கு விளிம்பில், க்ல்தானியில்
பதினாறு மாடிக் கட்டிடம் ஒன்றில்
லிஃப்ட் நின்று ஒன்பது நாள்.
பத்துத் தெத்ரி நாணயம் விழுங்கினால்தான்
மேலேறும் பெட்டி அது.
இப்போது அதன் உண்டியல் வாயில்
யாரோ சூயிங்கம் ஒட்டியிருக்கிறார்கள்.

உச்சியில், புறாக்கள் குடித்தனம் நடத்தும் எந்திர அறையில்
மக்வாலா கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.
கருகியிருந்தது ஒன்றே ஒன்று:
பட்டாணி அளவில் ஒரு தகரத் தொப்பி.

அதற்கு வேலை, காத்திருப்பது.
சொட்டுச் சொட்டாய்ச் சேரும் மின்னழுத்தம்
விளிம்பைத் தொடும்வரை வாய் மூடிக் கிடந்து
சட்டென்று திறந்துவிடுவது.
ஏழு நொடி.
ஆட்கள் ஏறிமுடிக்கக்
கதவு பொறுத்திருக்கும் நேரம் அவ்வளவுதான்.

செய்த தொழிற்சாலை இன்று கார் கழுவும் இடம்.
முத்திரை குத்திய நாடு
வரைபடத்திலேயே இல்லை.

வறண்ட பாலத்துச் சந்தையில்
பதக்கங்கள், கேமராக்கள்,
யாருடையதோ கல்யாண ஆல்பம், இவற்றுக்கு நடுவே
நுக்ஸார் ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினான்.
அதே தொப்பி, அதே எண். மூன்று, நாற்பது லாரி.
"என் அம்மா மேல் ஆணை, அசல்."
முதலாவது மூன்று முறை கதவைக் காத்தது;
நான்காம் முறை மூடவே மறந்தது.
கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.
எண் உரிந்து வந்தது. அடியில் வேறு எண்.

போலி.

நம் இலக்கணத்தில் இந்தச் சொல்லுக்குக்
கெட்ட பெயர் கிடையாது.
ஓர் எழுத்தின் நாற்காலியில்
இன்னோர் எழுத்து வந்து உட்காரும்;
பொருள் எழுந்து போகாது. அவ்வளவே.
ஐந்து, அஞ்சு என்று
அடியோடு உருமாறியும்
விரல் எண்ணிக்கை குறைவதில்லை.
மக்வாலாவுக்கு இது தெரியாது.
நுக்ஸாரைப் பற்றி அவள் சொன்ன வார்த்தைக்கும்
இலக்கணத்துக்கும் தொடர்பில்லை.

பதினோராம் மாடி பெசோ
டபுள் பாஸை முதுகில் சுமந்து
படி இறங்கிக்கொண்டிருந்தான்,
ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரிடம் மன்னிப்புக் கேட்டபடி.
"இன்று?" என்றான்.
"தெரியாது."

அன்றிரவு சமையலறை மேசையில்
உப்புக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு
அந்தத் தொப்பிக்குள் என்ன நடக்கிறது என்று வரைந்தாள்.
பெயரைத் தேடுவதை விட்டு
வேலையைத் தேடியபோது
ஒன்றுக்குப் பதில் இரண்டு வந்து நின்றன:
எந்தக் கடையிலும் கைப்பிடியாய் அள்ளித் தரும்
சாதாரண டிரான்சிஸ்டர்கள், எதிரெதிர் இனம்.
இதன் கை அதன் வாசலில்,
அதன் கை இதன் வாசலில்.
ஒன்று லேசாகக் கண் திறந்தால் போதும்,
மற்றது அதை உலுக்கும்,
உலுக்கியது உலுக்கப்படும்,
இரண்டும் ஒரே கணத்தில் முழுதாய் விழிக்கும்.
விளிம்பு எதுவென்று சொல்ல
இரண்டு மின்தடைகள்.
கால்களை முறுக்கிப் பற்றவைத்தபோது
அழகாக இல்லை.

பத்தாம் நாள் காலை லிஃப்ட் ஏறியது.
கைக்கடிகாரத்தில் எண்ணினாள்:
எட்டு. ஒன்பது. பத்து.
பதினொன்றில் கதவு மூடியது.

ஐந்து அஞ்சாகலாம்.
ஏழு பதினொன்றாவதற்கு
எந்த நூற்பாவும் இல்லை.

குடியிருப்போர் குழுவின் அவ்தாந்தில்
ஒரே வாரத்தில் புகாரோடு வந்தார்.
குளிர் உள்ளே வருகிறது.
தண்ணீர்க் குழாய் வழக்கில் பேச்சு நின்றுபோன
மூன்றாம் மாடிக்காரர்கள் இருவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது.
"நேற்று ஒருவர் இருமினார்,
மற்றவர் 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று சொல்லிவிட்டார்.
வழக்கு என்ன ஆவது?"

ஒரு மின்தடையை மாற்றினால் போதும்.
மாற்றத்தான் கருவிப்பையைத் தூக்கி வந்தாள்.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தது.
பெசோ பாஸை உள்ளே நுழைத்தான்,
பிறகு வில்லை, பிறகு தன்னை.
பாஸின் உறைத் தோளில்
வருடக்கணக்காய்க் கதவு கடித்த தழும்புகள்.
அவன் திரும்பி நின்று
தயாராகக் கையை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தான்,
எதுவும் வராத பக்கத்தில்.

"சரி செய்துவிடுவாய்தானே?" என்றார் அவ்தாந்தில்.

"அந்த மின்தடை இப்போது கிடைப்பதில்லை"
என்றாள் மக்வாலா.

உலகத்திலேயே மலிவான பொருள் அது.
மேல்சட்டைப் பையில், காகிதப் பட்டையில் வரிசையாக,
இருபது இருந்தன.